அது பொம்மை இல்லை, 15 வாட் ஆம்ப்

சனிக்கிழமை ஷோவில் என் கிட்டார் ஆம்பைப் (கிட்டாரின் சத்தத்தைக் கூட்டும் பெட்டி) பார்த்துச் சிலர் சிரித்ததை உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள். அந்த 11 நொடி வீடியோவை எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு கிட்டார் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணா, 15 வாட் டியூப் ஆம்ப் வாங்கலாம்னு இருந்தேன். வீடியோ பார்த்ததும் பயமா இருக்கு. கடன் வாங்கியாவது 100 வாட் எடுத்துடவா?" அதனால் எழுதுகிறேன். டியூப் என்றால் பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரியான கண்ணாடி வால்வு.

எடுக்காதே தம்பி. வாட் என்பது சத்தத்தின் அளவு இல்லை.

அன்று சவுண்ட் இன்ஜினியர் என் ஆம்பைப் பார்த்து "பொம்மையத் தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வீடியோவில் தெரியும். என்னுடைய அந்தச் சிரிப்பைத்தான் இப்போது என்னால் பார்க்க முடியவில்லை. சத்தத்தையே தொழிலாகக் கொண்டவர், காதால் கேட்பதற்கு முன்னால் கண்ணால் அளந்துவிட்டார்.

கணக்கைச் சொல்கிறேன். வாட் ஆம்பின் சக்தியை அளக்கிறது, டெசிபல் சத்தத்தை அளக்கிறது. சக்தி இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. அதாவது 150 வாட். 100 வாட் ஆம்ப் கூட அதை எட்டாது. அப்புறம் ஸ்பீக்கர். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபல் தருவதை மாட்டினால், வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும். ஆம்ப் வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்?

"அப்படியென்றால் அந்தக் காலத்துப் பெரிய ஆட்கள் எல்லாம் ஏன் 100 வாட் வைத்திருந்தார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களுக்கு வேறு வழி இல்லை. 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் நியூயார்க்கின் ஷீ ஸ்டேடியத்தில் வாசித்தபோது கூட்டம் 55,000-க்கு மேல். வாக்ஸ் என்ற ஆம்ப் கம்பெனி அவர்களுக்காக 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்திருந்தது. அப்படியும் ரசிகர்களின் கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. கிட்டார் ஆம்புக்கு மைக் வைத்து பெரிய பி.ஏ. (கூட்டத்துக்கான ஸ்பீக்கர் அமைப்பு) வழியாக அனுப்பும் வழக்கம் அப்போது வளர்ந்திருக்கவில்லை. இன்று என் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் நிற்கிறது. கடைசி வரிசைக்குச் சத்தத்தைக் கொண்டுபோவது அந்த மைக்கும் மிக்ஸரும் பி.ஏ.வும் செய்ய வேண்டிய வேலை. என் ஆம்பைப் பொம்மை என்ற அந்த இன்ஜினியர் பார்க்க வேண்டிய வேலை.

நானும் 100 வாட் வைத்திருந்தவன்தான். மூன்று வருடம் வைத்திருந்தேன். வால்யூம் 2-ஐத் தாண்டியதே இல்லை. தாண்டினால் பாடுகிறவர் திரும்பி முறைப்பார். டியூப் ஆம்பின் அழகு, ஸ்பீக்கரை இயக்கும் பவர் டியூபுகள் உழைக்கத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மெல்ல மீட்டினால் தெளிவாகப் பேசும், அழுத்தி அடித்தால் கரகரக்கும், கிட்டாரில் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் மறுபடி தெளியும். அந்த இடத்தை மூன்று வருடமும் நான் ஒருமுறை கூடத் தொடவில்லை. ஆனால் 2-இலேயே அது கத்திய கத்தலுக்கு முன்னால், சின்ன ஒத்திகை அறையில், வாரத்துக்கு மூன்று நாள் நின்றேன். இன்று என் இடது காதில் ஒரு ரீங்காரம் நிற்காமல் கேட்கிறது. இதை இங்கே இதுவரை எழுதியதில்லை.

அதற்கப்புறம்தான் இந்தச் சின்ன ஆம்ப். இரண்டு இஎல்84 டியூப், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். முதல் ஷோவில் தரையில் வைத்துவிட்டு, எனக்குக் கேட்கவில்லை என்று ட்ரெபிளை (கூர்மையான ஒலிகளை) ஏற்றிக்கொண்டே போனேன். முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். ஸ்பீக்கரிலிருந்து கூர்மையான ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். என் முழங்காலைத் தாண்டி அவர்கள் முகத்தில் போய் அடித்திருக்கிறது. அடுத்த ஷோவில் ஒரு நாற்காலியில் ஏற்றி, காதைப் பார்க்கிற மாதிரி பின்பக்கம் சாய்த்து வைத்தேன். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. அன்றிலிருந்து டிரம்மருக்குப் பக்கத்தில் நின்றும் என் கிட்டார் எனக்குக் கேட்காமல் போனதில்லை.

கரகரப்பில்லாத க்ளீன் டோன் உரக்க வேண்டும் என்கிறவர்கள் சொல்வது நியாயம். 15 வாட்டில் சத்தம் சீக்கிரம் கரகரக்கத் தொடங்கிவிடும். அவர்கள் கொஞ்சம் மேலே போகலாம். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் இரண்டு 6வி6 டியூபில் 22 வாட்தான். அதற்கும் 100 தேவைப்படவில்லை. வழியில் டியூப் போய்விட்டால் என்ன செய்வாய் என்கிறவர்களுக்கு: பையில் உபரி டியூபும் ஃபியூஸும் எப்போதும் இருக்கின்றன. திறந்தவெளியில் மைக்கே இல்லாமல் வாசிக்கச் சொன்னால்? அங்கே குறை ஆம்பிடம் இல்லை, கூப்பிட்டவர்களிடம் இருக்கிறது.

"இந்தக் காலத்தில் யார் டியூப் வாங்குகிறார்கள், மாடலர் போதுமே" என்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. பல ஆம்புகளின் ஒலியை டிஜிட்டலில் போலச் செய்யும் அந்த மாடலர்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, எடையும் குறைவு. அதை வைத்து அருமையாக வாசிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடமாவது நான் போய் "இது என்ன பெட்டி" என்று கேட்டிருக்கிறேனா? என் விரலுக்கு இந்த ஆம்ப் பதில் சொல்கிறது. அந்தப் பதிலுக்காகத்தான் இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். ஒருவர் இருபது வருடமாகத் தேடிக் கண்டுபிடித்த சத்தத்தைப் பொம்மை என்று சொல்லிச் சிரிக்க ஒரு நொடி போதும் போல.

ஆறுதலாக "கடுகு சிறுத்தாலும்" என்று எழுதிய நண்பர்களுக்கு நன்றி. ஆனால் நான் ஆறுதல் கேட்கவில்லை. அது சிறியது என்று வருத்தப்படுகிறவன் நான் இல்லை. தேவையான அளவில் இருக்கிறது என்கிறேன்.

தம்பி, வாங்கப் போகும்போது உன் கிட்டாரையே கொண்டு போ. வால்யூமை 3-இல் வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பாதே, 7 வரை ஏற்றிக் கேள். ஒரு கையால் தூக்கி மாடிப்படி ஏற முடிகிறதா என்று பார். வெளியே இன்னொரு ஸ்பீக்கர் மாட்டும் வசதி இருக்கிறதா, அந்த ஸ்பீக்கர் எத்தனை ஓம் (மின்மறிப்பு) இருக்க வேண்டும் என்று கேள். ஸ்பீக்கர் மாட்டாமல் டியூப் ஆம்பில் ஒருபோதும் வாசிக்காதே, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

அந்த வீடியோவைப் போட்டவருக்கு ஒன்று கேட்கிறேன். நான் முதல் ஸ்வரம் வாசிப்பதற்கு முன்பே உங்கள் 11 நொடி முடிந்துவிடுகிறது. முழு ஷோவையும் நீங்கள் படம் பிடித்தது எனக்குத் தெரியும். இரண்டாவது பாட்டின் சோலோவையும் சேர்த்துப் போடுங்கள்.