ஆட்-ஆன் கார்டு எடுத்தால் போனஸ் இரண்டு முறை கிடைக்குமா?

"உங்கள் கிரெடிட் கார்டில் வாழ்க்கைத் துணைக்கும் ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுங்கள், சேரும்போது தரும் போனஸ் இருவருக்கும் தனித்தனியாக வரும்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

ஆட்-ஆன் கார்டில் வேறு பெயர் அச்சாகியிருக்கும், அவ்வளவுதான். கணக்கு ஒன்று, கடன் வரம்பு ஒன்று, பில்லும் ஒன்று. துணை தேய்க்கும் தொகை முதன்மை அட்டைதாரரின் கணக்கில்தான் ஏறும். செலவுக்குக் கிடைக்கும் வெகுமதிப் புள்ளிகளும் அங்கேயே சேரும். அதனால் ஒரு நன்மை உண்டு: போனஸுக்கான குறைந்தபட்சச் செலவை இருவரும் சேர்ந்து சீக்கிரம் எட்டலாம். ஆனால் போனஸ் ஒன்றுதான். பாக்கி விழுந்தால் பொறுப்பும் பெரும்பாலும் முதன்மை அட்டைதாரருக்கே. இதை அந்தச் செய்தி சொல்லவே இல்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை.

இரண்டாவது போனஸ் வேண்டுமானால், துணை தன் பெயரில், தன் வருமானத்தைக் காட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில வங்கிகளில் நீங்கள் பரிந்துரைத்தால் உங்களுக்கும் கொஞ்சம் புள்ளி வரும். சரி, விண்ணப்பிக்கும் முன் விதிமுறையில் ஒன்றைப் பாருங்கள்: ஆண்டுக் கட்டணமும் ஏடிஎம்மில் எடுக்கும் பணமும் பொதுவாக போனஸுக்கான குறைந்தபட்சச் செலவில் சேராது.