தூக்கம் வரலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க

நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாச்சு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்ததால் மூட்டை தேங்கவில்லை. பணம் கணக்கில் ஏறி, நகைக்கடனில் பாதியை அடைத்தும் ஆச்சு. ஆனாலும் அந்த மனுசன் விடியற்காலை மூணு மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "கடன் ஒரு வழியாத் தீர்ந்தா சரியாயிடுவாரு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடன் குறைந்தும் ஆள் தேறவில்லை.

காவிரி டெல்டாவில் ஆம்பளைகளுக்கு வருகிற மனச்சோர்வை நாம் தவறவிடுவது இந்த இடத்தில்தான். இங்கே கவலைக்குக் காரணம் எப்போதும் தயாராக இருக்கும். மேட்டூரில் ஜூன் 12க்குத் தண்ணி திறக்கவில்லை என்றால் ஒரு காரணம், கார்த்திகையில் சம்பா மூழ்கினால் ஒரு காரணம், 2018 கஜா புயலில் தென்னை சாய்ந்த குடும்பம் என்றால் அது ஒரு காரணம். கண்முன்னே காரணம் இருப்பதால் நோய் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கவலை, காரணம் விலகினால் விலகும். நல்லது நடந்தால் ஒரு வேளையாவது முகம் தெளியும். நோய் அப்படி விலகாது. பெரும்பாலான நேரம், பெரும்பாலான நாள், தொடர்ந்து இரண்டு வாரம் ஆள் இப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மருத்துவம் வைத்திருக்கும் அளவு அதுதான்.

அழுதால் நமக்குப் புரியும். ஆம்பளை பெரும்பாலும் அழமாட்டார், எரிந்து விழுவார். சாதத்தில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். பிள்ளை சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினால் அடி விழும். "இவருக்கு இப்பல்லாம் கோவம் ஜாஸ்தியாயிடுச்சு" என்று வீட்டில் சொன்னால், அதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். முன்பும் இப்படித்தான் என்றால் அது சுபாவம். இரண்டு மூன்று மாதமாகத்தான் என்றால் அதைக் கவனிக்கணும்.

இன்னொன்று, அவருக்குப் பிடித்த வேலையைப் பாருங்கள். வாய்க்காலில் முறைத் தண்ணி வருகிறது. ராத்திரி என்றாலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய் மடை திருப்பப் போனவர், "யாராவது பாத்துக்கட்டும்" என்று படுத்துக் கிடக்கிறார். களை மண்டிய வரப்பைத் தாண்டிப் போகிறார், குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கவில்லை. டீக்கடைப் பக்கம் போவதில்லை. பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு மொய்யை மட்டும் கொடுத்தனுப்புகிறார். வாரம் தவறாமல் சவரம் செய்தவருக்குத் தாடி வளர்ந்து கிடக்கிறது. சிலர் நேர்மாறு. வீட்டுக்குள் இருக்கவே முடியாமல் வேலை வேலை என்று ஓடுவார்கள், வண்டியைக் கண்மண் தெரியாமல் விரட்டுவார்கள். தினம் ஒரு கட்டிங் போட்டவர் குவாட்டருக்கு வந்திருப்பார். பசி குறையும், இடுப்பு வேட்டி தளரும். தாம்பத்தியத்தில் நாட்டம் போகும்; இதை அவர் உயிர் போனாலும் வாய்விட்டுச் சொல்லமாட்டார், மனைவிக்கு மட்டும் தெரியும்.

உடம்புவலி தனிக் கதை. தலை பாரம், நெஞ்சு படபடப்பு, கைகால் அசதி, வயிற்றில் வாயு, முதுகெல்லாம் குத்தல். கிளினிக்குக்குப் போவார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், ஒரு சத்து ஊசி போடுவார்கள். ஒரு நாள் தெம்பு, மறுநாள் பழையபடி. ஈசிஜி நார்மல், ஸ்கேன் நார்மல். அடுத்தது "நரம்புத் தளர்ச்சி" என்று லேகியத்துக்குப் போகும். சோதனை எல்லாம் நார்மல் என்று வந்தும் வலி போகவில்லை என்றால், அவர் நடிக்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வலி நிஜம்தான். மனச்சோர்வு உடம்பிலும் வலிக்கும்.

கணக்கெடுப்புகளில் மனச்சோர்வு பெண்களுக்கே அதிகம் என்று வருகிறது. சாவுக் கணக்கு அதற்கு நேர் எதிர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724, பெண்கள் 48,172. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். ஆண்களின் நோயில் பெரும்பங்கை நாம் கோபம் என்றும் குடி என்றும் சோம்பேறித்தனம் என்றும் எழுதிக்கொண்டு போகிறோம் என்பதே என் எண்ணம்.

சரி, எப்படிக் கூட்டிப் போவது?

"உங்களுக்கு மனசு சரியில்ல, மனநல டாக்டரைப் பாக்கலாம்" என்று ஆரம்பித்தால் அதோடு பேச்சு முடிந்தது. "என்னை பைத்தியம்ங்கிறியா?" என்பார். தூக்கத்தில் ஆரம்பியுங்கள். தூக்கம் வரவில்லை என்று ஒத்துக்கொள்வதில் எந்த ஆம்பளைக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. "என்னங்க, மூணு மணிக்கே எந்திரிச்சுடுறீங்க, ஒரு மாசமாப் பாக்குறேன். தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்." இது பொய்யில்லை. மனநல மருத்துவர் முதலில் கேட்பதே தூக்கத்தைத்தான். போய் உட்கார்ந்ததும் மற்றதெல்லாம் அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.

சொல்கிற ஆளும் முக்கியம். எல்லாப் பாரத்தையும் மனைவி தலையிலேயே வைக்காதீர்கள். ஏற்கெனவே ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் அவர்தான். மச்சான், சித்தப்பா, கூடப் படித்த சேக்காளி, யார் பேச்சை அவர் தட்டமாட்டாரோ அந்த ஒருவர் போதும். நாலு பேரைக் கூட்டி நடுவீட்டில் பஞ்சாயத்து வைத்தால் அவருக்கு அது விசாரணையாகத்தான் தெரியும். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, வரப்பில் முன்னே பின்னே நடக்கும்போது, மோட்டார் கொட்டகை வாசலில் கால் கழுவும்போது பேச்சு வரும். கண்டதைச் சொல்லுங்கள்: "அண்ணே, நீங்க கடைப்பக்கம் வந்தே ரெண்டு மாசமாச்சு. தனியா எதையோ சுமந்துக்கிட்டு இருக்கீங்க போலத் தோணுது." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் பேசாமலே இருந்தாலும் பரவாயில்லை. அந்த இடைவெளியை அறிவுரையால் நிரப்பாதீர்கள். "ஆம்பளை இதுக்கெல்லாமா கலங்குறது", "உன்னைவிடக் கஷ்டப்படுறவன் இல்லையா" என்றால் இனிமேல் அவர் உங்களிடம் எதையும் சொல்லமாட்டார். இளவட்டம் என்றால் "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவை, சரியாயிடுவான்" என்பார்கள். அது இன்னொரு வீட்டுப் பெண்ணையும் சேர்த்து வதைப்பது.

முதல் தடவை மாட்டேன் என்பார். ஒரு வாரம் விட்டுத் திரும்பக் கேளுங்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெரிய மருத்துவமனை தூரம் என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருவார். எந்த நாள் என்று உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் அக்காவிடமும் விசாரிக்கலாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையும், பழைய சீட்டுகளும் ஒரு பையில் இருக்கட்டும். தினம் எவ்வளவு குடிக்கிறார் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், சுகர், தைராய்டு, பி12 பார்க்கச் சொன்னால் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் இதே மாதிரி அசதியும் சோர்வும் வரும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் படு உற்சாகமாகத் திரிந்து, கண்டபடி செலவு செய்து, பெரிய பெரிய பேச்சுப் பேசிய காலம் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது வேறு வகை நோய், அதற்கு மாத்திரையே மாறும். இந்த விவரமெல்லாம் வெளியே போகுமோ என்ற பயம் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமை என்றே வைத்திருக்கிறது.

பாதிப் பேர் தோற்பது மாத்திரையில்தான், அதனால் விவரமாகவே சொல்கிறேன். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃபுளூவாக்சிடின் என்று ஏதாவது ஒன்று எழுதுவார்கள். முதல் வாரம் குமட்டல், தலைவலி, கொஞ்சம் படபடப்பு வரலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், முழுசாகத் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். பத்தாவது நாளில் "ஒண்ணும் கேக்கல, வயித்தைப் பெரட்டுது" என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். அதைத் தாண்டியவர்கள் மூன்றாம் மாதத்தில் நன்றாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். அது கதிர் வருகிற நேரத்தில் பயிருக்குத் தண்ணியை நிறுத்துவது போல. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாக. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரியும் வரலாம், நோயும் திரும்பலாம்.

ஆம்பளைகள் வாய் திறக்காமல் நிறுத்துவதற்கு இன்னொரு காரணம், இந்த மாத்திரைகளில் சில தாம்பத்தியத்தில் தாமதமோ நாட்டக் குறைவோ ஏற்படுத்தும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவார். கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஒரு வரி சொன்னால் போதும். "பழக்கமாயிடும்" என்று பயப்பட வேண்டியது இந்த மாத்திரைகளைப் பார்த்து இல்லை. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை, அல்பிரசோலம் போன்றவைதான் பழக்கமாகும். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும்.

குடியைப் பற்றி ஒன்று. சாராயம் தூங்க வைப்பது போல வைத்து நடு ராத்திரியில் எழுப்பிவிடும், சோர்வை இன்னும் ஆழமாக்கும். அதற்காகத் தினமும் நிறையக் குடிக்கிறவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தணும். குடியை நிறுத்தட்டும், பிறகு மனசைப் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம், இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

இனி, கேட்கத் தயங்கும் கேள்வி. "நான் இல்லாட்டி நீங்கல்லாம் நல்லாயிருப்பீங்க" என்று சொல்கிறார், பத்திரத்தையும் பாஸ் புத்தகத்தையும் எடுத்து விளக்குகிறார், திடீரென்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிற மாதிரிப் பேசுகிறார் என்றால் நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாண்ணே?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருப்பவருக்கு மூச்சு விட ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரமும் கண் வைத்திருங்கள். சிலருக்கு மனம் தேறுவதற்கு முன் உடம்பில் சுறுசுறுப்பு வந்துவிடலாம், அது கவனமாக இருக்க வேண்டிய காலம்.

டெல்டா வீடுகளில் பூச்சிமருந்து பரண்மேலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடக்கிறது. ஒரு தெளிப்புக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், மிச்சத்தை வீட்டில் வைக்காதீர்கள். வைத்துத்தான் ஆகணும் என்றால் பூட்டு போட்டு, சாவி வேறொரு வீட்டில் இருக்கட்டும். தற்கொலை எண்ணம் பலருக்கும் கொஞ்ச நேரம் உச்சத்துக்குப் போய் இறங்குவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும் தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பருவமில்லாத நேரத்தில் வந்து கேட்டால், "என்ன பயிருக்கு, எத்தனை மா நிலத்துக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் தடுமாறினால் உட்கார வைத்து டீ சொல்லுங்கள், வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

ஏதாவது குடித்துவிட்டார் என்றால் உடனே 108. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், என்ன குடித்தார் என்பதை மறைக்காதீர்கள், டப்பாவையும் எடுத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். அதே 2017 சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்கிறது. வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை.

மன்னார்குடி, கூத்தாநல்லூர், பட்டுக்கோட்டைப் பக்கம் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் அநேகம். பணம் ஒழுங்காக வருகிறது, ஆனால் வீடியோ கால் நின்றுபோச்சு, பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிகிறது என்றால் கூட இருக்கும் அறைத் தோழரைக் கூப்பிட்டு, அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று விசாரியுங்கள். பணம் வருவதை மட்டும் வைத்து நல்லாயிருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைக்கணுமா, நாகூருக்குப் போகணுமா, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளணுமா, தாராளமாகச் செய்யுங்கள். அந்த நாட்களிலும் மாத்திரை நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போக மனம் வராதவர்களுக்கு டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104லும் கேட்கலாம். அவரேதான் கூப்பிடணும் என்றில்லை. மனைவியோ தம்பியோ கூப்பிட்டு, "எங்க வீட்டுல ஒருத்தரு இப்படி இருக்காரு, எப்படிப் பேசிக் கூட்டிட்டு வர்றது?" என்று கேட்டாலும் வழி சொல்வார்கள்.