டிரம்மரை நிமிர்த்தாதீர்கள்

ராப் குரலைப் பழைய ராக் பாட்டின் மேல் ஏற்றும் மேஷ்அப்களில் முக்கால்வாசி, முதல் நாலு பார் (பாருக்கு நாலு அடி) ஜோராக இருக்கும். எட்டாவது பாருக்குள் குரல் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். செய்தவரைக் கேட்டால் "கீ ஒத்துப்போகலை" என்பார். கீ (சுருதி) மேல் பழி போடாதீர்கள், அங்கே கெடுவது தாளம்.

60, 70களின் ராக் குழுக்களில் பெரும்பாலானவை கிளிக் டிராக் (காதில் சீராகத் தட்டும் தாள ஒலி) இல்லாமல் வாசித்தவை. வெர்ஸில் (சரணத்தில்) 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி, கோரஸ் (பல்லவி) வந்ததும் உற்சாகத்தில் 92. வெறும் 2 தானே என்று தோன்றும். 90இல் ஒரு அடி 667 மில்லிசெகண்ட், 92இல் 652. அடிக்கு 15 மில்லிசெகண்ட் போல நழுவுகிறது. 16 பார் ராப் வெர்ஸ் என்றால் 64 அடி. முடிவதற்குள் ஏறக்குறைய ஒன்றரை அடி விலகியிருக்கும். குரலோ பெரும்பாலும் மெஷின் பீட்டின் மேல் பதிவானது, அது அசையாது.

உடனே எல்லோரும் செய்வது ராக் பாட்டை வார்ப் செய்து (இழுத்தோ சுருக்கியோ), அடி அடியாக மென்பொருளின் சீரான கிரிட்டில் ஒட்டவைப்பது. டிரம்மர் கோரஸுக்குள் பாய்கிற அந்தத் தள்ளல் அதோடு போச்சு. சிம்பல் ஓசையும் தண்ணீருக்குள் கேட்பதுபோல் கலங்கும். முழு மிக்ஸை இழுத்தால் காயம் சீக்கிரம் தெரியும். தனிக்குரல் 5 சதவீதம் வரை சத்தமில்லாமல் தாங்கும். ஆகவே இழுக்க வேண்டியது குரலைத்தான்.

செய்முறை இது. ஒவ்வொரு பாரின் முதல் கிக் டிரம் அடியிலும் ஒரு மார்க்கர் வைத்து, ப்ராஜெக்ட் டெம்போவை டிரம்மரைப் பின்தொடர விடுங்கள். ஏபிள்டன் லைவ் மென்பொருளில் ராக் கிளிப்பை லீடர் ஆக்கினால் போதும். பிறகு அகபெல்லாவில் (இசையில்லாத ராப் தனிக்குரலில்) பாருக்கு ஒரு மார்க்கர், மிஞ்சினால் இரண்டு. நாலாவது அடியில் விழும் எதுகைச் சொல்லைப் பிடித்தால் மற்றவை தானே உட்காரும். அசைக்கு அசை மார்க்கர் போட்டால் ஃப்ளோ (சொற்கள் ஓடும் நடை) செத்துவிடும். தாளத்துக்கு 20, 30 மில்லிசெகண்ட் பின்தங்கிப் பாடுவது அந்த ராப்பரின் கையெழுத்து. அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

ராப் வரிகளுக்குக் கீ அவ்வளவு முக்கியமில்லை. திரும்பத் திரும்பப் பாடுகிற ஹூக்குக்கு முக்கியம். 2 செமிடோனுக்கு (அரைச்சுரத்துக்கு) மேல் ஏற்றினால் குரல் அணில்குஞ்சு ஆகிவிடும். டேப் வேகம் மாற்றிப் பதிவான பழைய பாட்டுகள் இரண்டு சுரத்துக்கு நடுவில் நிற்கும், அங்கே குரலை 30, 40 சென்ட் (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) நகர்த்தினாலே போதும்.

பாட்டிலிருந்து குரலையும் கருவிகளையும் தனித்தனியாக எடுக்கும் டெமக்ஸ் போன்ற பிரிப்பான்கள் வந்ததும் எதையும் பிரித்துவிடலாம் என்ற மிதப்பு வந்திருக்கிறது. பிரித்த குரலில் ஹைஹேட்டின் ஆவி ஒட்டியிருக்கும். அது ராக் ஸ்நேருக்குப் பக்கத்தில் இரட்டைத் தட்டாக விழும். அதிகாரப்பூர்வ அகபெல்லா இருந்தால் அதையே எடுங்கள். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, குரல் வரும்போது மட்டும் கிட்டாரில் 2.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் இறக்குங்கள், மெய்யெழுத்துகள் கேட்கும்.

நழுவலே வராத இன்னொரு வழியும் உண்டு. இசைத் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸ் 2004இல் 'தி கிரே ஆல்பம்' செய்தபோது, ராப்பர் ஜே-ஸியின் 2003 'தி பிளாக் ஆல்பம்' அகபெல்லாவை 1968 பீட்டில்ஸ் வெள்ளை ஆல்பத்தின் மேல் அப்படியே போர்த்தவில்லை. கிக், ஸ்நேர், கிட்டார்த் துணுக்கு என்று நறுக்கி, புது பீட்டே கட்டினார். (பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமை வைத்திருந்த இஎம்ஐ தடுக்கப் பார்த்தது. 2004 பிப்ரவரி 24இல் பல இணையதளங்கள் அதை இலவசமாகப் போட்டு எதிர்ப்புக் காட்டின. நம் பதிவை முகநூல் மியூட் செய்வதெல்லாம் அதற்கு முன் சின்ன விஷயம்.) ஆனால் நறுக்கும்போது அறையின் எதிரொலி வால் அறுபடும். லெட் ஸெப்பெலின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய இங்கிலாந்து மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் பதிவு செய்து 1971இல் வெளியிட்ட 'வென் தி லெவீ பிரேக்ஸ்' டிரம்ஸில் இது பளிச்சென்று தெரியும். துணுக்குகள் சேரும் இடத்தில் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய, மற்றது எழ) போட்டால் டிக் சத்தம் நிற்கும், வால் அறுபடாமல் இருக்க அதன் மேல் அடுத்த அடியைக் கொஞ்சம் படியவிட வேண்டும்.

கடைசியில் ஹெட்போனில் கேளுங்கள். 60களின் பல ஸ்டீரியோ பதிவுகளில் டிரம்ஸ் முழுக்க ஒரே காதில் இருக்கும். நடுவில் நிற்கும் ராப்பருக்கு அடியில் தரையே இருக்காது. மோனோ பதிப்பு கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.