டாட் 5 ஊற்றினால் பிரேக் கூடுதலாகப் பிடிக்குமா?

“வீட்டில் வேகக் கார் கட்டுகிறீர்களா? டாட் 4 பிரேக் ஆயிலை இறக்கிவிட்டு டாட் 5 ஊற்றுங்கள், எண் கூடக்கூடப் பிடிப்பும் கூடும்” என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு, உயிரோடு விளையாடும் தவறு.

அந்த எண் பிரேக் ஆயிலின் தர வகையைக் குறிப்பது, பிடிப்பின் அளவே அல்ல. காரை நிறுத்துவது பேடும் டிஸ்க்கும் டயரும்தான். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் (ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவம்) வகை. டாட் 5 மட்டும் சிலிக்கோன், வேறு சாதி. இரண்டையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குலுக்கி வையுங்கள்: சிலிக்கோனின் ஊதா நிறமும் கிளைக்காலின் தேன் நிறமும் சிறிது நேரத்தில் தனித்தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும்.

சிலிக்கோன் ஈரத்தை உறிஞ்சாது என்பது உண்மை. ஆனால் உள்ளே புகுந்த நீர் கரையாமல் தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. அங்கே துரு பிடிக்கும். 100 டிகிரியைத் தாண்டினால் அந்த நீர் ஆவியாகி பிரேக் மிதி தரைவரை இறங்கிவிடும். சிலிக்கோன் காற்றுக்குமிழிகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஆகவே ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள காருக்கு இது ஆகவே ஆகாது. பெயின்ட்டை அரிக்காது என்பதால் கண்காட்சிக் கார் வைத்திருப்போர் சிலர் இதை விரும்புகிறார்கள். அது வேறு தேவை.

புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். எனவே இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூடுதல் வெப்பம் தாங்க வேண்டுமானால் டாட் 5.1 வாங்குங்கள். கடையில் அந்தப் புள்ளியையும் ஒன்றையும் தயவுசெய்து இருமுறை பார்த்து வாங்குங்கள்.