கிழங்கு கப்பலில் அழுகத் தொடங்குவதில்லை

இரண்டு நாளாக எல்லோர் சுவரிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவைப் பற்றித்தான். என்ன பதிவு என்று விளக்க வேண்டியதில்லை, பார்த்திருப்பீர்கள். 2017-ல் நைஜீரியாவிலிருந்து அமெரிக்கா போன யாம் கிழங்கு அழுகிய நிலையில் இறங்கிய பழைய செய்தியைத் தோண்டியெடுத்து, மேலே ஒரே ஒரு வரி: "உலகத்திலேயே அதிகமா விளைவிக்கிறாங்களாம், ஒரு பெட்டி கிழங்கை ஒழுங்கா அனுப்பத் தெரியல." கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழங்கு கப்பலில் அழுகத் தொடங்குவதில்லை. கப்பலில் நாம் பார்ப்பது முடிவை மட்டும்தான். தொடக்கம் பல வாரங்களுக்கு முன்னால், அதை மண்ணிலிருந்து எடுக்கும் நேரத்தில். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தக் கிழங்கு என்பதில் தெளிவு வேண்டும். பின்னூட்டங்களில் பலர் சேனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாம் என்பது டயாஸ்கோரியா பேரினம். பெருவள்ளி, சிறுவள்ளி என்று நாம் சொல்கிற கொடிக்கிழங்கு வகையறா. சேனை வேறு, சேம்பு வேறு, சர்க்கரைவள்ளி முற்றிலும் வேறு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறுவது பெரும்பாலும் வெள்ளை யாம். உலக விளைச்சல் ஆண்டுக்கு ஏழு கோடி டன்னுக்கு மேல். அதில் பத்தில் ஒன்பது பங்கு மேற்கு ஆப்பிரிக்காவில். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவில் மட்டும். நாடு விட்டு நாடு போவதாகப் பதிவாவது இதில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. அந்த ஒரு சதவீதத்துக்குக் கீழான வணிகம் ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்டிருந்தால் அது நல்ல கேள்வி. பதிவைப் போட்டவர் அதைக் கேட்கவில்லை, கேலி செய்தார்.

யாம் கிழங்கு உயிருள்ள பொருள். தோண்டிய பிறகும் மூச்சு விடுகிறது, வெப்பம் விடுகிறது, நீர் இழக்கிறது, காலம் வந்தால் முளைக்கிறது. அதன் தோல் மெல்லியது. இரும்புக் கத்தியோ மண்வெட்டியோ உரசினால் காயம். அதனால்தான் மரத்தில் செய்த தோண்டுகோலை இன்றும் பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். பழக்கத்தால் அல்ல, காயம் குறைகிறது என்பதால். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், ஃபியூசேரியம், லாசியோடிப்ளோடியா என்று அழுகலுக்குக் காரணமான பூஞ்சைகள் பெரும்பாலும் காயத்தின் வழியாகத்தான் நுழைகின்றன. முழுத்தோல் கிழங்கில் அவற்றுக்கு வாசல் குறைவு.

காயம்பட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. தோண்டிய உடனே, சுமார் 30 டிகிரி வெப்பத்தில், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதத்தில், நான்கிலிருந்து எட்டு நாள் வைத்தால் வெட்டுப்பட்ட இடத்தில் தக்கை போன்ற புதுத் தோல் கட்டும். க்யூரிங் என்கிறார்கள், காயம் ஆற்றுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி அறை கட்ட வேண்டியதில்லை. நிழலில் குவித்து, புல்லோ சாக்கோ போட்டு மூடினால் கிழங்கு விடும் வெப்பமும் ஈரமுமே போதுமான அளவுக்கு வேலை செய்யும். பெரிய வெட்டுக்குச் சாம்பலோ சுண்ணாம்போ தடவுவார்கள். செலவு மிகக் குறைவு. தேவைப்படுவது ஒன்றுதான், அந்த நாட்கள். லாரி மறுநாள் காலை வந்து நின்றால், தரகர் "இன்றைக்கு ஏற்றினால் இந்த விலை, அடுத்த வாரம் என்றால் தெரியாது" என்றால், காயம் ஆறாத கிழங்குதான் ஏறும். பத்து நாள் கழித்து ஆற்றலாம் என்றால் நடக்காது. அதற்குள் பூஞ்சை உள்ளே போயிருக்கும். ஆற்றுவதற்கான அதே வெப்பமும் ஈரமும் அப்போது பூஞ்சைக்குத்தான் உதவும்.

இப்போது அந்த 2017-க்கு வருகிறேன். ஜூன் கடைசியில் வேளாண் அமைச்சர் ஔடு ஒக்பே லாகோஸில் கொடியசைத்து அனுப்பிவைத்தது 72 டன், பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும். மாதத்தைப் பாருங்கள். நைஜீரியாவின் யாம் பகுதிகளில் புதுக் கிழங்கு ஜூலை, ஆகஸ்டில்தான் வரத் தொடங்கும். முதிர்ந்த முக்கிய அறுவடை நவம்பரிலிருந்து ஜனவரி வரை. ஜூனில் மூட்டை கட்டுகிற கிழங்கு பெரும்பாலும் போன பருவத்தது, ஐந்தாறு மாதம் கிடங்கில் இருந்தது. வெள்ளை யாமின் உறக்க காலம் இரண்டு, மூன்று மாதம்தான். அது முடிந்தால் முளை விடும். முளை விட்டால் மாவு கரையும், நீர் போகும், மூச்சு கூடும், வெப்பம் கூடும். பாரம்பரியக் கொட்டிலில் ஆறு மாதம் வைத்தாலே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழப்பது சாதாரணம். அப்படி மிஞ்சிய கிழங்கைத்தான் கடல் தாண்ட அனுப்பியிருப்பார்கள். இதில் விவசாயிக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. அனுப்பும் தேதியைக் குறித்தது விவசாயி இல்லை.

அடுத்து சாலை. பெனுவே மாநிலத்து சகி பியாம் சந்தையிலிருந்து லாகோஸின் அபாபா துறைமுகம் வரை லாரி, அதன் பிறகு துறைமுக வாசலில் வரிசை. அபாபாவில் லாரிகள் நாட்கணக்கில் நிற்பது அந்தக் காலத்தில் அந்த நாட்டுச் செய்தித்தாள்களில் வராத மாதம் கிடையாது. தார்ப்பாய்க்குக் கீழே, வெயிலில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிழங்கு. அடியில் இருப்பது நசுங்கும், நசுங்கியது புதுக் காயம். அதை ஆற்ற இனி நாளும் இல்லை, இடமும் இல்லை.

"ரீஃபர் கன்டெய்னர் எதற்கு இருக்கிறது, குளிரில் வைத்தால் தீர்ந்தது" என்று ஒருவர் பின்னூட்டமிட்டு அதற்கு நானூறு விருப்பக்குறி. ரீஃபர் என்பது குளிரூட்டும் வசதியுள்ள சரக்குப் பெட்டி. நண்பரே, தவறு அங்கேதான். யாமுக்கு 12 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்க்காயம். உள்சதை பழுப்பாகும், இளகும். வைக்க வேண்டியது 13-லிருந்து 16-க்குள், காற்றுத் திறப்பைத் திறந்துவைத்து. கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் வைக்கிற வெப்பநிலையை இதற்கும் வைத்தால், கதவைத் திறக்கும் அன்று கிழங்கு நன்றாகத்தான் இருக்கும். கடைக்குப் போய் இரண்டு மூன்று நாள் வெளிவெப்பத்தில் இருந்த பிறகுதான் நிறம் மாறும். அப்போது இறக்குமதியாளர் சொல்வது, "கெட்ட கிழங்கை அனுப்பிவிட்டார்கள்" என்பது.

இன்னொன்று. ரீஃபர் பெட்டி குளிரைக் காக்கிற பெட்டி, சூடான சரக்கைக் குளிரவைக்கிற பெட்டி இல்லை. 32 டிகிரியில் இருக்கும் 24 டன் கிழங்கை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால், நடுவில் இருப்பது பல நாள் சூடாகவே இருக்கும். காற்று தரையிலிருந்து மேலே வர வேண்டும். அட்டைப்பெட்டியின் துளைகள் கீழிருந்து மேல்வரை ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் காற்று ஏறாது. சாதாரண கன்டெய்னரில் அனுப்பினாலோ, இரவில் கூரையில் நீர் கோத்து மேலடுக்கில் சொட்டும். ஒரு கிழங்கு அழுகிக் கசிந்தால் அதன் பெட்டி நனையும், நனைந்த அட்டை மடங்கும், அடுக்கு சாயும், காற்று வழி அடைபடும். சராசரி இரண்டரை கிலோ என்று கணக்கு வைத்தால் ஒரு கன்டெய்னரில் பத்தாயிரம் கிழங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஐம்பது காயம் ஆறாமல் போனால் போதும், முழுக் கன்டெய்னரையும் பாழாக்கிவிடலாம். அந்த ஐம்பதும் கப்பலில் காயம்படவில்லை. வயலிலோ லாரியிலோ பட்டது.

"கானா அனுப்புகிறதே, அவர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது?" நியாயமான கேள்வி. கானாவுக்குப் பல பத்தாண்டுப் பழக்கம். டெச்சிமன் சந்தையிலும் அக்ராவின் கொன்கொம்பா சந்தையிலும் ஏற்றுமதிக்கென்று தரம் பிரிக்கக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். போனா ரகத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் கூட்டம் லண்டனில் இருக்கிறது. கானாக்காரர்களும் அழுகல் கணக்கு எழுதாமல் இல்லை. நைஜீரியாவிலோ 1989-ம் ஆண்டுச் சட்டம் யாமையும் அதிலிருந்து செய்யும் பொருட்களையும் ஏற்றுமதி செய்யவே தடை விதித்திருந்தது. அந்தச் சட்டம் புத்தகத்தில் இருக்கும்போதே 2017-ல் கொடியசைத்தார்கள். சட்டப்படி செய்யவே கூடாத தொழிலில் தரம் பிரிக்கும் கொட்டகையும், ஆற்றும் அறையும், பழகிய ஆட்களும் எங்கிருந்து வளரும்? ஓடத் தடை போட்டுவிட்டு, முதல் நாள் தடுக்கி விழுந்ததும் கைகொட்டுவது எந்த ஊர் நியாயம்?

"உள்ளூர்க்காரர்களுக்கே கிழங்கு போதாது, ஏன் அனுப்ப வேண்டும்?" 72 டன்னை நாலு கோடி டன்னுக்கும் மேலான விளைச்சலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்க விருப்பமில்லை.

"மாவாக்கி அனுப்பலாமே?" அனுப்புகிறார்கள், அனுப்பட்டும். இடித்துச் சாப்பிட முழுக்கிழங்கு தேடுகிறவர் மாவை வாங்க மாட்டார்.

சான்றிதழ் பற்றி யாருமே பேசவில்லை, நான் பேசுகிறேன். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அநேகமாக எல்லாத் தாவரப் பொருட்களுக்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் கட்டாயம். விதிவிலக்கு அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை என்று ஐந்தே பழங்களுக்கு. யாமில் ஒட்டிய மண் ஒரு பிரச்சினை, தோலுக்குள் இருக்கும் நூற்புழு இன்னொன்று. ஸ்குட்டெல்லோநீமா பிராடிஸ் என்ற நூற்புழு வந்த கிழங்கு வெளியே நன்றாகத்தான் இருக்கும். நகத்தால் தோலைச் சுரண்டினால் அடியில் மஞ்சள், பிறகு பழுப்பு, கருப்பு. கிடங்கில் வைக்க வைக்கப் பரவும். அமெரிக்காவுக்கு என்றால் சில நாட்டுக் கிழங்குக்கு பூச்சிகளைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற வாயுவால் புகையூட்டல். மண்ணைக் கழுவினால் ஈரம் நிற்கும், பிரஷ் போட்டுத் தேய்த்தால் தோல் உரியும். எதைச் செய்தாலும் கிழங்கின் ஆயுளில் சில நாள் போகும். விதியைக் குறை சொல்லவில்லை, அது தேவை. ஆனால் அந்தச் செலவெல்லாம் ஒரே பக்கம் போய் விழுகிறது என்பதையாவது பாருங்கள்.

ஏனென்றால் பணம் எப்படி வருகிறது தெரியுமா? பெரும்பாலும் சரக்கு விற்ற பிறகு. கன்டெய்னர் போய்ச் சேர்ந்து, அழுகியதைக் கழித்து, கழிவை அப்புறப்படுத்தும் கூலியையும் கழித்து, மிச்சம். எத்தனை அழுகியது என்று எண்ணுவது வாங்கியவர். அனுப்பியவர் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்க்கிறார், நீங்கள் பார்த்துச் சிரித்த மாதிரிப் படத்தை. அவருக்கு அது அடுத்த பருவத்து விதை. யாமுக்கு விதை என்பதும் கிழங்குதான். ஒரு ஹெக்டேருக்குச் சுமார் பத்தாயிரம் துண்டு, துண்டு கால் கிலோ என்றாலும் இரண்டரை டன், சாப்பிடக் கூடியதை வெட்டி மண்ணில் புதைக்க வேண்டும். பணம் வராவிட்டால் அந்த விதைக்கிழங்கையும் விற்க வேண்டிவரும். நைஜீரியாவின் உமுடிகேயில் உள்ள கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 25 கிராம் துண்டிலிருந்து விதைக்கிழங்கு எடுக்கும் முறையைக் கொண்டுவந்ததே இந்தப் பாரத்தைக் குறைக்கத்தான்.

எட்டு நாள் ஆற்றிய கிழங்குக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று ஒரு வாங்குபவர் எழுதிக் கொடுத்தால், மறுநாளே எல்லோரும் ஆற்றுவார்கள். தெரியாமல் இல்லை. ஆற்றியதற்கும் ஆற்றாததற்கும் சந்தையில் ஒரே விலை.

இந்தக் கிழங்குக்குத் தன் பெயர்கூட மிஞ்சவில்லை. 1930-களில் லூசியானாக்காரர்கள் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியை யாம் என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார்கள். இன்றும் அமெரிக்காவில் யாம் என்று விற்பதில் பெரும்பகுதி அதுதான், சர்க்கரைவள்ளி என்றும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று விதி போட வேண்டியிருந்தது. நாடுகளின் சுங்கத்துறைகள் சரக்கை வகைப்படுத்தும் உலக எண் வரிசையில் 2012-ல்தான் 0714.30 என்று யாமுக்குத் தனி எண் கிடைத்தது. அதுவரை "மற்றவை" என்ற தலைப்பில் கிடந்தது. கோடிக்கணக்கானவர்கள் தினமும் சாப்பிடுகிற உணவு, மற்றவை.

அந்தப் பதிவைப் போட்டவருக்கு: நீக்கச் சொல்லவில்லை. செய்தி உண்மை, கிழங்கு அழுகியதும் உண்மை. "அனுப்பத் தெரியல" என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, எந்த மாதத்தில் தோண்டியது, எத்தனை நாள் ஆற்றியது, எத்தனை டிகிரியில் போனது என்ற மூன்றையும் விசாரித்து எழுதுங்கள். முதல் ஆளாக நானே பகிர்கிறேன்.