ஒரே வருடத்தில் எல்லோருக்கும் பணிக்கொடையா?

"புதிய சட்டம் வந்தாச்சு, இனி ஒரு வருடம் வேலை பார்த்தாலே எல்லோருக்கும் கிராஜுவிட்டி" (பணிக்கொடை, அதாவது வேலையை விட்டு விலகும்போது நிறுவனம் தரும் மொத்தத் தொகை) என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பாதிதான் உண்மை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இந்தச் சலுகை, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே. நிரந்தர ஊழியருக்குப் பழையபடி ஐந்து ஆண்டுகள்தான். பணியில் இறந்தாலோ உடல் ஊனமுற்றாலோ அந்த நிபந்தனை கிடையாது. அது முன்பே இருந்த விதி. பத்திரிகையாளர்களுக்கு மூன்று ஆண்டுகள்.

கணக்கிடும் சூத்திரமும் மாறவில்லை: வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து. பணிக்கொடைக்குக் கணக்கில் எடுக்கப்படும் மாத ஊதியம் 26,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15,000 ரூபாய்.

சரி, உங்களுக்கு எது பொருந்தும்? பணி நியமனக் கடிதத்தில் ஒப்பந்தம் முடியும் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபார்வர்டை நம்பி ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம்.