பரண்மேல் கிடக்கும் கேசட் பெட்டியை இறக்குங்கள்

"எல்லாப் பாட்டும்தான் போனிலேயே இருக்கே, இதை எதுக்கு இன்னும் கட்டிக்கிட்டு அழணும்?" போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது கேசட் பெட்டியைப் பார்த்து யாராவது இப்படிக் கேட்பார்கள். மறுநாள் பெட்டி பழைய சாமான் கடைக்குப் போய்விடும்.

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு கேசட் என்றால், அந்தப் பாட்டு பெரும்பாலும் ஏதோவொரு ஆப்பில் கிடைத்துவிடும். ஆனால் அதே பெட்டிக்குள் பேனாவால் பெயர் எழுதிய கேசட்டுகள் நாலைந்தாவது இருக்கும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடந்தபோது மேடைக்குப் பக்கத்தில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னை வைத்துப் பிடித்தவை. இலங்கை வானொலி நிகழ்ச்சிகளை ரேடியோவிலிருந்து நேரே பதிந்தவை. ஆச்சி பாடிய தாலாட்டு, கல்யாண வீட்டு நாதஸ்வரம், மழலை பேசிய பிள்ளையின் குரல். இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. எந்தக் கம்பெனியும் இவற்றை ஆப்பில் ஏற்றப் போவதில்லை. இந்தக் கேசட்டுகளை இப்போதே கணினிக்கு மாற்றியாக வேண்டும், அதையும் ஒரே தடவையில் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஆப்பையே நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. அதே ஆண்டில் விங்க் மியூசிக்கும் கடையைக் கட்டியது. மாதச் சந்தா என்பது வாடகை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் பாட்டுப் பட்டியலும் போய்விடும்.

முதலில் பெட்டியைத் தரையில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். வீட்டு ஆட்களின் குரல் இருப்பவை முதல் குவியல். வானொலிப் பதிவு, ஊர்த் திருவிழா, உள்ளூர்க் கம்பெனிகள் போட்ட நாட்டுப்புறப் பாட்டு, பட்டிமன்றம் இரண்டாவது. பெரிய கம்பெனிகளின் சினிமாப் பாட்டு கடைசி. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய டிடிகே கம்பெனியின் 60, 90 நிமிடக் கேசட்டுகளை மாற்றவே வேண்டியதில்லை. அந்தப் பாட்டுகள் வேறு இடத்தில் இதைவிட நல்ல தரத்தில் உள்ளன. அவற்றின் அருமை, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று ஒருவர் யோசித்து எழுதிக் கொடுத்த வரிசையில் இருக்கிறது. அட்டையைப் போட்டோ எடுத்து, அதே வரிசையில் ஒரு பிளேலிஸ்ட் போட்டுக்கொண்டால் போதும்.

அடுத்தது மெஷின். டேப்பைவிட அதை ஓட்டும் மெஷின்கள்தான் வேகமாக அழிந்துகொண்டிருக்கின்றன. இணையத்தில் மலிவாக விற்கும் "கேசட்டை எம்பி3 ஆக்கும்" கையடக்கக் கருவியை வாங்காதீர்கள். இன்று புதிதாக வரும் கருவிகளில் பெரும்பாலும் ஒரே பழைய மெக்கானிசத்தின் மலிவு நகல்தான் இருக்கிறது. வேகத்தைச் சீராக வைக்க வேண்டிய அதன் ஃபிளைவீல் சக்கரம் எடை இல்லாதது, அதனால் நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை நடுங்கும். டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி கிடையாது. பதிவு அளவைக் கூட்டிக் குறைக்கவும் பெரும்பாலும் வழியிருக்காது. உறவினர் வீடுகளில் விசாரித்து ஒரு பழைய ஸ்டீரியோ டெக்கையோ நல்ல டூ-இன்-ஒன்னையோ தேடிப் பிடியுங்கள். பல வருஷம் ஓடாமல் கிடந்தது என்றால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சிலவற்றில் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். பெல்ட்டை மாற்றினாலே பாதி மெஷின்கள் உயிர் பெற்றுவிடும். பழைய பெல்ட்டின் சுற்றளவை அளந்துகொண்டு, சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடத்தில் கேளுங்கள். தளர்ந்த பெல்ட் நீண்டிருக்கும் என்பதால் அளந்ததைவிடச் சுமார் 5 சதவீதம் சிறியதாக வாங்க வேண்டும்.

டேப் ஓடும் பாதை முழுவதையும் சுத்தம் செய்யுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், டேப்பில் உள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டையும், பக்கத்தில் நிற்கும் மெல்லிய கேப்ஸ்டன் கம்பியையும் துடைத்தால் பஞ்சு காப்பிப்பொடி நிறத்துக்கு மாறும். அது டேப்பிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை துடையுங்கள். டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தி ஓட்டும் ரப்பர் பிஞ்ச் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் இறுகிவிடும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர் போதும். டேப்பைத் தின்னும் மெஷின்களில் பலவற்றின் கோளாறு இந்த ரோலரில் படிந்த அழுக்குதான். மெஷின் சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் முதலில் போடுவது வீட்டு ஆளின் குரலாக இருக்கக் கூடாது. போனாலும் பரவாயில்லை என்கிற சினிமாப் பாட்டு கேசட்டை இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள்.

இனி கேசட். மெஷினுக்குள் போடும் முன், முதுகுப் பக்கத்தில், அதாவது டேப் வெளியே தெரியும் விளிம்புக்கு எதிர் விளிம்பில், இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் பழையது அழியாது. பிறகு ஜன்னல் வழியாக டேப் சுற்றின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மாவு தூவியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு இது சாதாரணம். அப்படியே ஓட்டினால் ஹெட்டில் அப்பி, அடுத்து வரும் கேசட்டுகளுக்கும் தொற்றும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் ஒரு வாரம் மூடி வையுங்கள். அதன்பின் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், டேப்பை மெதுவாகச் சுற்றியபடி மென்மையான துணியால் துடைத்தெடுங்கள். வெயிலில் காயவைப்பது மட்டும் கூடவே கூடாது, டேப் நெளிந்துவிடும்.

பூஞ்சை இல்லாத கேசட்டையும் உடனே ப்ளே செய்யாதீர்கள். உள்ளங்கையில் தட்டையாக இரண்டு தட்டு தட்டி, பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகிச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமில்லாமல் சுற்றினால் மெஷினில் போட்டு ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். 60 நிமிடக் கேசட்டின் டேப் சுமார் 18 மைக்ரான் தடிமன், 90இல் சுமார் 12 மைக்ரான்தான். அதனால் 90இல் இன்னும் பொறுமை வேண்டும்.

சத்தம் மங்கலாக, ஏறி இறங்கி வந்தால் உடனே டேப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேசட்டின் திறந்த பக்கத்தில், நடுவில், மெல்லிய உலோகத் தகட்டில் ஒட்டிய ஒரு சின்ன கம்பளித் துண்டு தெரியும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது உள்ளே விழுந்திருக்கும். ஐந்து திருகாணி உள்ள நல்ல கேசட் கூடு ஒன்றை எடுத்து, இரண்டு சக்கரங்களையும் டேப்போடு அப்படியே அதற்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். திருகாணி இல்லாமல் ஒட்டி வந்த கூடுகளை, இணைப்புக் கோட்டில் மெல்லிய கத்தியை வைத்து நெம்பிப் பிரிக்க வேண்டும். அறுந்த டேப்பைச் செலோடேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப்பை, ஹெட்டைத் தொடாத உள்பக்கத்தில் ஒட்டுங்கள்.

இப்போது சொல்லப்போவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நல்ல பதிவுக்கும் மந்தமான பதிவுக்கும் வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது. ஹெட்டின் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. டேப் ஓடும் திசைக்கு அது சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும். இதை அசிமுத் என்பார்கள். உங்கள் கேசட்டைப் பதிந்த மெஷினின் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால், உங்கள் ஹெட்டும் அதே அளவு சாய்ந்தால்தான் டேப்பில் உள்ள முழுச் சத்தமும் வெளிவரும். ஹெட்டின் இரண்டு பக்கமும் திருகாணி இருக்கும். அடியில் ஸ்பிரிங் உள்ளதுதான் திருப்ப வேண்டியது. கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இடது வலது சத்தம் ஒன்றாகச் சேரும்படி மோனோவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, திருகாணியை எட்டில் ஒரு பங்கு சுற்று இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்புங்கள். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்த குரலில் "ச"வும் "ஸ"வும் தெளியும், வில்லுப்பாட்டு வில்லின் மணிகள் தனித்தனியாகக் கேட்கும். இன்னும் திருப்பினால் மறுபடி மங்கும். எங்கே அதிகம் தெளிந்ததோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், தேவைப்பட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும், இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இங்கே தவறவிட்ட கூர்மையைப் பிறகு கணினியில் ட்ரெபிளைக் கூட்டி மீட்க முடியாது. இரைச்சல்தான் கூடும்.

வேகத்திலும் கண் வேண்டும். பேட்டரியில் ஓடிய டேப் ரிக்கார்டரில் பதிந்த கேசட்டுகளில், பதியும்போதே பேட்டரி இறங்கியிருந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கும். இன்று சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சென்று, அவசரமாகக் கேட்கும். பக்கம் முடிய முடியக் கீச்சு ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான். 6 சதவீத வித்தியாசம் ஏறத்தாழ அரைச் சுருதி. கணினியில் ஒலியைப் பதிந்து திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில், வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வசதியைப் பயன்படுத்திச் சரிசெய்யுங்கள், சுருதியை மட்டும் மாற்றுவதைத் தொடாதீர்கள். எவ்வளவு குறைப்பது என்பதைச் சொல்ல, அந்தக் குரலை நேரில் கேட்டுப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கணினிக்குக் கொண்டுபோகும்போது டெக்கின் லைன் அவுட் என்ற ஒலி வெளியீட்டுத் துளையிலிருந்து எடுங்கள். டூ-இன்-ஒன்னில் ஹெட்போன் துளை மட்டும்தான் என்றால் வால்யூமைப் பாதியில் வையுங்கள். மடிக்கணினியின் ஒற்றைத் துளையில் நேரே செருகாதீர்கள். அது மைக்குக்கானது, மோனோவாகத்தான் எடுக்கும், சத்தமும் உடையும். லைன் உள்ளீடு உள்ள சின்ன யுஎஸ்பி ஆடியோ கருவி ஒன்று போதும், பெஹ்ரிங்கர் யுசிஏ222 போல. விண்டோஸில் மைக் இரைச்சலைக் குறைக்கும் வசதி ஏதாவது இயங்கினால் அணைத்துவிடுங்கள், அது தம்புராவின் சுருதியையே இரைச்சல் என்று நினைத்து அமுக்கும்.

மென்பொருளில் பதிவு அமைப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று யார் சொன்னாலும் அலட்டிக்கொள்ள வேண்டாம். நல்ல கேசட்டிலேயே மெல்லிய ஓசைக்கும் உரத்த ஓசைக்கும் இடையே 50 முதல் 60 டெசிபல்தான் இருக்கும், 16 பிட்டில் 96 டெசிபல் அடங்கும். மிக உரத்த இடம் மென்பொருளின் மீட்டரில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். கொஞ்சம் தாழ்வாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம், உச்சத்தில் முட்டி வெட்டுப்பட்டதைத் திருத்த வழியில்லை.

கேசட்டில் டால்பி பி என்று குறித்திருந்தால் மட்டும் டெக்கில் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் அணைத்தே இருக்கட்டும். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம்தான், குறுக்கு வழி இல்லை. ஒரு ராத்திரிக்கு இரண்டு என்று வைத்தால் 40 கேசட் மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

சுருக்காத வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. அதை ஃபிளாக்காக மாற்றினால் தரம் துளியும் குறையாமல் ஏறத்தாழப் பாதியாகும். நூறு கேசட் ஒரு 64 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும் எம்பி3 எடுங்கள். மூலத்தில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடாதீர்கள். இரைச்சலோடு சேர்த்து மூச்சையும் சொல்லின் கடைசி எழுத்தையும் அது தின்றுவிடும், மிச்சம் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் குழறும். கைவைப்பது எல்லாம் நகலில்தான். மூலக் கோப்பு மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறொரு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை, கடையில் கொடுக்கிறேன் என்றால், கொடுக்கும் முன் கேளுங்கள்: இயல்பான வேகத்திலா ஓட்டுவீர்கள், அசிமுத்தை ஒவ்வொரு கேசட்டுக்கும் பார்ப்பீர்களா, வேவ் அல்லது ஃபிளாக் தருவீர்களா, கேசட்டைத் திருப்பித் தருவீர்களா? "அதெல்லாம் சாப்ட்வேர் பார்த்துக்கும்" என்று பதில் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பதை 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. கம்பெனி கேசட்டை யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு நீடிக்கும், பாட்டும் மெட்டும் எழுதியவர்களின் உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். வில்லுப்பாட்டுக் கலைஞருக்கும் நிகழ்த்தியவர் என்ற முறையில் உரிமை உண்டு. அவரையோ அவர் வீட்டாரையோ தேடிப்போய்க் கேளுங்கள், ஒரு பிரதியையும் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தக் குரல் அவர்களிடமே இல்லாமல் இருக்கக்கூடும். பேசி அனுப்பிய கேசட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் முன், அதில் யாரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முழுதாக ஒரு முறை கேட்டுவிடுங்கள். கணவன் மனைவிக்கு மட்டும் சொன்னது அதில் இருக்கும்.

மாற்றி முடித்த கேசட்டை எறிய வேண்டாம். கடைசி வரை சுற்றி, நிமிர்த்தி நிற்கவைத்து, ஸ்பீக்கர் பக்கம் போகாமல், கீழ் அலமாரியில் வையுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண்தான் வீட்டிலேயே அதிகம் சுடும் இடம்.

கோப்புக்கு "ட்ராக் 01" என்று பெயர் வைத்துவிடாதீர்கள். ஆண்டு, ஊர், நிகழ்ச்சி, பேசுபவர், பக்கம் என்ற வரிசையில் வையுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் பேச்சிலேயே துப்பு இருக்கும், பிறந்த குழந்தையின் பெயரோ அப்போது நடந்த தேர்தலோ. கேசட் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். பிறகு வீட்டில் மூத்தவர் யாரோ அவரை உட்காரவைத்து, ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, நடுவில் இருமுவது யார், பின்னால் சிரிப்பது யார், "போதும் நிறுத்து" என்பது யார் என்று கேட்டு, நிமிடமும் நொடியும் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.